கடைசித் தாள்

சுருளிப்பட்டி நூலகம் திறக்கும் முன்பே திராட்சைத் தோட்டக்காரர் சேக் பரீத் வாசலில் நின்றார். கையில் 'கரட்டடிப் பங்களா' என்ற பழைய மர்ம நாவல்.

"தம்பி, கடைசித் தாளு எங்க?"

நூலகர் கார்த்திக்ராஜ் புரட்டிப் பார்த்தான். நூற்று அறுபத்தெட்டாம் பக்கத்தில் இன்ஸ்பெக்டர் பங்களாக் கதவைத் திறக்கிறார். உள்ளே பனி மட்டும் இருக்கிறது. அடுத்த தாளைக் காணோம். கிழிந்த ஓரம் தையலில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"பண்ணையாரைக் கொன்னது யாருன்னு தெரியாம நான் எப்படித் தோட்டத்துக்குப் போறது?"

போன வாரம் யாரோ நன்கொடையாகத் தந்த புத்தகம்; கடைசிவரை படித்த முதல் ஆள் சேக் பரீத்தான். வேறு பிரதி எங்கும் இல்லை. இது வந்த பிறகுதான் நாளுக்குப் பத்துப் பேராவது நூலகத்துக்கு வருகிறார்கள். கூட்டம் சேராவிட்டால் நூலகத்தைக் கம்பம் ஊர் நூலகத்தோடு சேர்த்துவிடுவோம் என்று மாவட்ட நூலக அதிகாரி ஏற்கெனவே சொல்லியிருந்தார். மனைவி பிரின்சி இறந்து இரண்டு வருடம். கார்த்திக்ராஜ் ஒரு நாளில் பேசும் பேச்சு முழுவதும் இந்த அறையில்தான்.

வெள்ளைத்தாள் எடுத்து அவனே ஒரு முடிவு எழுதி ஒட்டினான். கொன்றது கம்பவுண்டர்.

சேக் பரீத் நின்றபடியே படித்தார். "நான் அப்பவே நெனச்சேன். ஊசி போடும்போதே அவன் முழி சரியில்ல."

அடுத்து எடுத்துப்போன ஜெபஷீலா டீச்சர் மறுநாளே திரும்பி வந்தார்.

"நாப்பதாம் பக்கத்துல கம்பவுண்டர் மதுரைக்குப் போயிட்டாரு. பஸ் டிக்கெட் நம்பர்கூடப் போட்டிருக்கு. அவரு எப்படி இங்கன வந்து கொல்லுவாரு?"

நியாயமான கேள்வி. கார்த்திக்ராஜ் தாளை உரித்துவிட்டு வேறு எழுதினான். கொன்றது காவல்காரன். டீச்சர் திருப்தியாகிப் பள்ளிக்கூடம் முழுக்கச் சொன்னார். அது டீக்கடைக்கு வந்ததும் ஊர் இரண்டாகப் பிரிந்தது.

சேக் பரீத் நேராக நூலகத்துக்கு வந்தார். "நான் படிச்சப்ப கம்பவுண்டரு. இப்ப எப்படிக் காவக்காரன் ஆனான்? கம்பவுண்டரு ஒனக்குச் சொந்தக்காரனா?"

கார்த்திக்ராஜ் ஒரு வழி கண்டுபிடித்தான். இரண்டு முடிவுகளையும் தனித்தனித் தாளில் எழுதி மேசை டிராயரில் வைத்துக்கொண்டான். புத்தகம் கேட்டு வருபவர் எந்தக் கட்சி என்று பேச்சுக்கொடுத்துத் தெரிந்துகொண்டு, அவருக்கு உரியதைச் செருகிக் கொடுத்தான். நான்கு நாள் ஊர் அமைதியாக இருந்தது.

ஐந்தாம் நாள் டீச்சர் தன் அட்டையில் எடுத்துப்போன புத்தகத்தைச் சேக் பரீத்தின் மனைவி சாபிராவுக்குக் கொடுத்துவிட்டார்.

"தம்பி, எங்க வீட்லயே இப்ப ரெண்டு கொலகாரன். காவக்காரன்தான்னு நான் ஒத்துக்கிற வரைக்கும் சோறு கெடையாதுங்கிறா."

அதன்பிறகு எல்லோரும் சரிபார்க்க வந்தார்கள். ஏற்கெனவே படித்தவர்கள் முதல் பக்கத்திலிருந்து மறுபடி படித்தார்கள். இடம் போதாமல் சிலர் வெளியே சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். சேக் பரீத், நூலகர் குற்றவாளியை மாற்றுகிறார் என்று அதிகாரிக்கு மனு எழுதிப் போட்டார்.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். கார்த்திக்ராஜ் எதையும் மறைக்கவில்லை. இரண்டு தாள்களையும் மேசையில் வைத்தான். இனி இந்த அறை இல்லை என்றே முடிவு செய்துவிட்டான்.

அதிகாரி வருகைப் பதிவேட்டைப் பார்த்தார். முந்தின நாள் அறுபத்துநாலு கையெழுத்து. பிறகு நாவலைக் கேட்டு வாங்கி உட்கார்ந்தார். வாங்கி வைத்த டீயில் ஆடை படிந்தது. நாலு மணிக்குத்தான் தலை நிமிர்ந்தார்.

"கம்பத்தோட சேக்குற பேச்சு இனி வேண்டாம். ஆனா இது ரெண்டுமே சரியில்ல. கொன்னது டிரைவரு. அந்த அசல் தாளக் கிழிச்சது யாருன்னு மொதல்ல கண்டுபிடிங்க."

சன்னலில் நின்ற கூட்டம், சேக் பரீத்தும் டீச்சரும் உட்பட, முதல் தடவையாக ஒன்றுசேர்ந்து ஆமாம் என்றது.

பெருக்கிக்கொண்டிருந்த கஸ்தூரியம்மாள் விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள்.

"நான்தான் சார் கிழிச்சேன், செத்த பல்லிய அள்ளிப் போட. எனக்குப் படிக்கத் தெரியாது, அதனால எழுத்து இருக்குற தாளத் தொடல. அதுல ரெண்டு பக்கமும் பல்பொடி டப்பாப் படம் மட்டுந்தான் இருந்துச்சு."