கெசாரே வீட்டு மாடு

முளைத்த மணத்தக்காளிக் கீரையில் ஒன்றுகூட நிமிர்ந்து நிற்கவில்லை. கெரோகா கடைத்தெருவில் பேண்ட் தைக்கும் ஒபேகி பாத்தியோரம் குந்தி, ஒரு செடியை இரண்டு விரலால் தூக்கிவிட்டார். விரலை எடுத்ததும் அது மறுபடி படுத்துக்கொண்டது.

இரண்டு வருடத்துக்கு முன் இறந்துபோன மனைவி சேர்த்து வைத்த விதை. டப்பாவில் இன்னும் மூன்று பிடிதான் மிச்சம்.

"மண்ணுல சத்தே இல்லீங்க." வேலிக்கு அந்தப் பக்கம் கெசாரே நின்றிருந்தாள். போன மாதம் குடிவந்தவள். அவளும் தனி ஆள்தான். "எங்க மாட்டுச் சாணி சும்மாதான் கிடக்கு. காலையில வந்து எடுத்துக்குங்க."

மறுநாள் வேலியோரம் கூடை தயாராக இருந்தது. ஒரு பிடி விதையைத் தூவி, சாணியை அப்படியே மேலே கொட்டினார் ஒபேகி. வந்த முளையெல்லாம் கருகிப்போயிற்று.

"பச்சைச் சாணியையா போட்டீங்க? மக்க வச்சுல்ல போடணும்!"

"நீங்க சொல்லவே இல்லியே!"

"துணிய நனைச்சுக் காயவச்சுட்டுத் தைக்கணும்னு உங்களுக்கு யாரு சொன்னாங்க?"

தினமும் ஒரு கூடை வாங்கி, குவித்து, வாழையிலையால் மூடி வைத்தார். பாதி மக்கியதுமே பொறுமை போய்விட்டது. இரண்டாவது பிடி விதையைத் தூவி, அதை அள்ளிப் போட்டார். இந்த முறை பாத்தி பச்சைப்பசேலென்று நிறைந்தது. இடையில் முளைத்த களையை ஒன்றுவிடாமல் பிடுங்கிவிட்டு, கெசாரேவைப் பெருமையோடு கூப்பிட்டார்.

அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"இது புல்லுங்க. சாணியோட வந்த விதை."

"அப்ப நான் பிடுங்கிப் போட்டது?"

"அதுதான் கீரை."

ஒபேகி டப்பாவைத் திறந்து காட்டினார். "கடைசிப் பிடி. இதுவும் போச்சுன்னா அவ கைப்பட எடுத்து வச்சது எதுவுமே இல்ல."

கெசாரே சிரிக்கவில்லை. வேலியைத் தாண்டி வந்தாள். மிச்சமிருந்த குவியலை அடிவரை கிளறிப் புரட்டிவிட்டாள். சில வாரம் கழித்து வந்து, கறுத்த எருவை ஒரு கை அள்ளி அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"மோந்து பாருங்க. நாத்தம் அடிக்குதா?"

"இல்ல. மழை பெஞ்ச மண்ணு மாதிரி இருக்கு."

"இப்ப தூவுங்க."

கீரை முழங்கால் உயரம் வந்தது. பால் ஊற்றிக் கடைந்து, சோளக்களியோடு இருவரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். "கொஞ்சம் கசக்குதோ?" என்றாள் அவள். "கசக்கணும்," என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

மறுநாள் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, ஒரு கட்டு பசும்புல்லோடு கெசாரே வீட்டு வாசலில் போய் நின்றார். அவள் சந்தைக்குப் போயிருந்தாள். மேட்டு வீட்டு மைரூரா மாடுகளை ஓட்டிக்கொண்டு இறங்கி வந்தான்.

"மைரூரா, கெசாரேயோட மாட்ட எங்க கட்டியிருக்காங்க? அதுக்கு ஒரு நன்றி சொல்லணும்."

"அந்தம்மாகிட்ட ஏதுங்க மாடு? இத்தன மாசமா தினமும் எங்க தொழுவத்தக் கூட்டி அள்ளிட்டுப் போறாங்க. ஏன்னு கேட்டா, 'மாடு இல்லேன்னு தெரிஞ்சா வேலிப்பக்கம் வர்ற ஒரே ஆளும் வரமாட்டாரு'ங்கிறாங்க!"