இருபத்து மூன்று கூட்டாளிகளும் ஒரு மரத்தூள் குவியலும்

உலகத்தில் வேலை செய்கிறவர்கள் ஒரு ரகம், செய்யாதவர்கள் ஒரு ரகம் என்றுதானே நீங்கள் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தீர்கள்? மூன்றாவதாக ஒரு ரகம் இருக்கிறது. வேலை தெரிந்த ஒருவரையும் வேலை தெரிந்த இன்னொருவரையும் தேடிக் கண்டுபிடித்து, இருவரையும் ஒரே மேடையில் ஏற்றி, கைகுலுக்க வைத்து, போட்டோ எடுத்து, டீ கொடுத்து, இருவருமே தத்தம் வேலைக்குத் திரும்ப முடியாதபடி பார்த்துக்கொள்கிற ரகம். இந்த ரகத்துக்கு இணைப்பாளர் என்று பெயர்.

எட்டு வருடமாக ஓர் இணைப்பாளரை மிக அருகிலிருந்து பார்த்து வருகிறேன். தேசிய உயிரி எரிபொருள் கூட்டமைப்பில் கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை. மரத்தூள், உமி, சாணம், கரும்புச் சக்கை என்று வீணாகப் போகிற எல்லாவற்றிலிருந்தும் எரிவாயுவும் மின்சாரமும் எடுத்து நாட்டுக்குக் கொடுப்பது கூட்டமைப்பின் வேலை. இந்த இரண்டில் என் வேலை மட்டும் ஒழுங்காக நடந்துகொண்டிருக்கிறது.

எங்கள் இணைப்பாளரை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். நாற்காலியில் உட்கார மாட்டார். எப்போதும் இரண்டு பேருக்கு நடுவில் நின்றுகொண்டு, ஒரு கையை இவர் தோளிலும் மறு கையை அவர் தோளிலும் போட்டபடி, "நீங்க ரெண்டு பேரும் அவசியம் பேசணும்" என்பார். லிப்டில் சொல்வார், பல் டாக்டர் வீட்டு வாசலில் சொல்வார், துக்க வீட்டில் குரலைத் தாழ்த்திச் சொல்வார். வீட்டில் குழாய் ஒழுகுகிறது என்று மனைவி சொன்னபோது, குழாய்க்காரரையும் கொத்தனாரையும் ஒரே நாளில் வரவழைத்து ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்துவைத்துவிட்டு ஆபீசுக்கு வந்துவிட்டார். அவர்கள் இருவரும் கூட்டுச் சேர்ந்து பக்கத்துத் தெருவில் மூன்று வீடு கட்டிவிட்டார்கள். குழாய் இன்னமும் ஒழுகுகிறது.

ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளில் அவரைப் பார்க்கவேண்டும். காலையிலேயே மேஜைக்கு நீலத் துணி விரித்தாயிற்றா, இரண்டு பேனாவும் எழுதுகின்றனவா என்று ஓடிக்கொண்டிருப்பார். கையெழுத்துப் போடுகிறவர்கள் காகிதத்தைப் பார்க்கக்கூடாது, கேமராவைத்தான் பார்க்கவேண்டும் என்று முதல் நாளே ஒத்திகை நடத்திவிடுவார். காகிதத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்களா? இரு தரப்பும் வருங்காலத்தில் கலந்துபேசி, இணைந்து செயல்படும் வாய்ப்புகளை ஆராய முயலும் என்று இருக்கும். எழுதியவன் நான். இருபத்து மூன்று தடவை எழுதியிருக்கிறேன், பெயரைத் தவிர ஓர் எழுத்து மாறவில்லை.

ஆக, கூட்டாளிகள் இருபத்து மூன்று பேர். ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, வங்கி இருக்கிறது, பயிற்சிக் கல்லூரி இருக்கிறது, விளம்பரக் கம்பெனிகூட இருக்கிறது. லாரி வைத்திருக்கிற ஆள் ஒருவர்கூட இல்லை. எரிவாயு ஆலைக்கு முதலீடு செய்ய வருகிறவர்கள், முதலில் கூட்டாளிகள் என்ன செய்கிறார்கள் பார்ப்போம் என்பார்கள். கூட்டாளிகளோ, முதலீடு வரட்டும் என்பார்கள். இந்த இரண்டு தரப்புக்கும் நடுவில், இரண்டு பேர் கையையும் விடாமல் குலுக்கிக்கொண்டு, எட்டு வருடமாகச் சளைக்காமல் சிரித்துக்கொண்டு நிற்பது லேசுப்பட்ட காரியமா? நீங்கள் நின்று பாருங்கள், முதுகு பிடித்துக்கொள்ளும்.

இருபத்து மூன்றாவது கூட்டாளிதான் சிக்கல். அவர் இணைப்பாளருடைய சொந்த மைத்துனர், மனைவியின் தம்பி. ஊர் ஓரத்தில் சின்னதாக மரமறுக்கும் மில் வைத்திருக்கிறார். அப்பா விட்டுப்போன ஒரு பெரிய ரம்பம், தகரக் கொட்டகை, எட்டுத் தொழிலாளிகள். அறுத்து விழுகிற தூளை வாரம் ஒரு முறை பக்கத்துச் செங்கல் சூளைக்காரர் வண்டியோடு வந்து அள்ளிக்கொண்டு போவார். சூளைக்கு எரிக்கத் தூள் கிடைத்தது, மில்லுக்கு இடம் கிடைத்தது. ஒப்பந்தம், போட்டோ எதுவும் இல்லாமல் இப்படியே பதினைந்து வருடம் நடந்திருக்கிறது. இணைப்பாளரால் இதைப் பொறுத்துக்கொள்ள முடியுமா?

"மச்சான், நாட்டோட எரிசக்தியைச் செங்கல்லுக்குப் போட்டு எரிக்கறாங்க, நீ பாத்துக்கிட்டு இருக்கியே" என்றார். அக்கா வீட்டுக்காரர் சொல்லைத் தட்ட முடியாமல் மைத்துனரும் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து கேமராவைப் பார்த்தபடி கையெழுத்துப் போட்டார். மறுவாரம் தூள் குவியலின்மேல் ஒரு போர்டு நட்டோம். 'தேசிய உயிரி எரிபொருள் இருப்பு. யாரும் தொடக்கூடாது.' வண்டியோடு வந்த சூளைக்காரர் அதை இரண்டு முறை படித்துவிட்டுப் போனார்.

குவியல் வளர்ந்தது. மூன்றாவது மாதம் கொட்டகைச் சுவரைத் தொட்டது. ஆறாவது மாதம் கூரைக்கு மேலே போனது. எப்போது எடுத்துக்கொண்டு போவீர்கள் என்று மைத்துனர் போன் செய்யும்போதெல்லாம் இவர் வேறொரு கூட்டாளியின் பெயரைச் சொல்வார். மழை பெய்தது, வெயில் அடித்தது, மறுபடி மழை. ஈரத்தூள் மலைபோலக் குவிந்து கிடந்தால் உள்ளுக்குள்ளேயே சூடேறும், கிளறி விடாவிட்டால் தானாகவே பற்றிக்கொள்ளும். இது மில்லில் வேலை செய்கிற எட்டுப் பேருக்கும் தெரியும். எங்கள் ஆராய்ச்சி நிலையத்துக்கும் தெரியும், அதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். ஆனால் போர்டில் தொடக்கூடாது என்று நாங்கள் எழுதி வைத்திருந்தோமே.

பதினோராவது மாதம், முதலீட்டாளர் குழு ஒன்று வந்திருந்த நாள். காலை பதினொரு மணி. பெரிய ஹாலில் கூட்டாளிகள் அத்தனை பேரும் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், மைத்துனரைத் தவிர. அவருடைய போன்தான் வந்தது. இணைப்பாளர் எப்போதும் போல ஸ்பீக்கரில் போட்டார், நாலு பேர் கேட்காத பேச்சு அவருக்குப் பேச்சே இல்லை.

"அத்தான், குவியல்லேர்ந்து புகை வருது. தீயணைப்பு வண்டி வேற எங்கேயோ போயிருக்காம், வர ஒரு மணி நேரம் ஆகும்ங்கறாங்க. உங்க கூட்டத்துல அத்தனை பெரிய ஆளுங்க இருக்காங்களே, யார்கிட்டயாவது சொல்லி மண் அள்ளற வண்டி ஒண்ணு அனுப்புங்க. மில்லு போயிடும் அத்தான்."

முதலீட்டாளர் ஒருவர் மட்டும், தூளுக்கு உள்ளே வெப்பம் எத்தனை டிகிரி இருக்கும் என்று ஆர்வமாக விசாரித்தார். மற்ற எல்லோரும் இணைப்பாளரைப் பார்த்தார்கள். அவர் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. கடவுளே, எனக்கு அந்த முகம் நன்றாகத் தெரியும்.

"தீயணைப்புத் துறை" என்றார். "எட்டு வருஷமா அவங்களை எப்படி விட்டோம்?"

அடுத்த நாற்பது நிமிடம் நடந்ததை எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. தீயணைப்புத் துறையை இருபத்து நான்காவது கூட்டாளியாகச் சேர்க்கும் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. துறைக்கு அனுப்பும் கடிதத்தில் யார் சின்னம் இடப்பக்கம், யார் சின்னம் வலப்பக்கம் என்று வங்கிக்கும் கல்லூரிக்கும் வாக்குவாதம் வந்தது. இடையில் மைத்துனர் இரண்டு முறை போன் செய்தார். கடிதம் தயாராகிறது என்று அவருக்கு உறுதி சொல்லப்பட்டது. மூன்றாவது போன் இணைப்பாளருடைய மனைவியிடமிருந்து வந்தது. அவர் கத்தவில்லை. "நீங்க எழுதிக்கிட்டே இருங்க, நான் சூளைக்காரருக்குச் சொல்லிட்டேன்" என்று வைத்துவிட்டார்.

நாங்கள் கடிதத்தோடு போய்ச் சேர்ந்தபோது தீ அடங்கியிருந்தது. சூளைக்காரர் தன் மண் அள்ளும் வண்டியாலேயே குவியலை இழுத்துப் பரப்பியிருந்தார். சூளை ஆட்களும் மில் ஆட்களும் வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இணைப்பாளரின் மனைவியும் அந்த வரிசையில் நின்றார். கொட்டகையில் பாதி இல்லை. பெரிய ரம்பம் வெந்து வளைந்து கிடந்தது. அதன் பக்கத்தில் மைத்துனர் தரையில் உட்கார்ந்திருந்தார், எட்டுத் தொழிலாளிகளும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாளை முதல் அவர்களுக்கு வேலை கிடையாது.

இணைப்பாளர் சுற்றுமுற்றும் பார்த்தார். வருத்தப்படவில்லை என்று சொல்லமாட்டேன், கண் கலங்கத்தான் செய்தது. ஆனால் பழக்கம் சும்மா விடுமா? நேரே சூளைக்காரரிடம் போனார். கையை நீட்டி, இப்படி ஓர் ஆள் கூட்டமைப்புக்கு இத்தனை நாள் தெரியாமல் போய்விட்டதே என்றார். மைத்துனர் பக்கம் திரும்பி, "நீங்க ரெண்டு பேரும் அவசியம் பேசணும்" என்றார்.

நீட்டிய கையில் சூளைக்காரர் ஒரு வாளியை மாட்டிவிட்டு, அடுத்த வாளி எடுக்கப் போய்விட்டார். இணைப்பாளர் வாளியோடு நின்றார். எங்கள் போட்டோக்காரர் பழக்கத்தில் படம் எடுத்தார். இவர் பழக்கத்தில் கேமராவைப் பார்த்தார். ஆண்டறிக்கையின் அட்டையில் இப்போது அந்தப் படம்தான் இருக்கிறது. 'களப்பணியில் நமது கூட்டமைப்பு.'

நான் சிரித்துக்கொண்டே கிளம்பியிருப்பேன். மைத்துனர் என்னைக் கூப்பிட்டார்.

"அவர் சுபாவம் எங்க வீட்டுக்கே தெரியும். நீங்க அங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். பிழையில்லாமல். என் பையில் போன் இருந்தது. ஆபீஸ் வாசலில், எதிர்ப்பக்கம் சாலை போடுகிறவர்களுடைய மண் அள்ளும் வண்டி ஒன்று அன்று காலை முழுவதும் நின்றுகொண்டிருந்தது. இறங்கிப்போய் இரண்டு வார்த்தை கேட்க எனக்கு யார் அனுமதியும் தேவைப்படவில்லை. யாராவது கேட்பார்கள் என்றுதான் நினைத்தேன். இதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். எங்கள் இணைப்பாளரைப் படித்துச் சிரித்தீர்கள், சந்தோஷம். படித்துக்கொண்டே வரும்போது, அட, இது அச்சு அசல் அவனேதான், இதை உடனே அவனுக்கு அனுப்பவேண்டும் என்று யாராவது ஒரு நண்பரின் முகம் உங்கள் மனதில் வந்ததா? அனுப்பிவிட்டால் உங்கள் கடமை முடிந்தது என்றும் தோன்றியதா?

அதுதான் முதல் அறிகுறி.