சண்டியருக்குச் சாராயம் கொடுத்த விவரம்

அன்புள்ள தம்பிக்கு,

கடவுள் கருணையால் இங்கே நலம், உனக்கும் அப்படியே. சாயங்காலம் சம்பவம் நடந்தபோது கார் ஷெட்டில் இருந்தவர்கள்: நான், உன் அத்தான், என் மகள், நம் நாய் சண்டியர். வேறு யாரும் இல்லை.

"படிச்சு முடிச்சு எலிக்கு ஆயா வேலைதானா?" என்று என் மகளைப் பற்றிப் போனில் சிரித்தாயே, இப்போது உட்கார்ந்து படி. மத்தியானம் உன் அத்தான் காரிலிருந்து, இன்ஜின் சூட்டைத் தணிக்கும் பழைய கூலன்டை இறக்கி, தட்டோடு அப்படியே விட்டுவிட்டார். அது இனிக்குமாம், சண்டியர் நக்கித் தீர்த்துவிட்டது. கால் பின்ன நடந்து சுவரில் முட்டியது. "விளையாடுது பாரு" என்றார் அத்தான். சாயங்காலம் தெளிந்து வாலும் ஆட்டியது. நானும் கடவுளுக்கு நன்றி சொல்லி முடித்தேன். அப்போதுதான் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த மகள் தட்டைப் பார்த்து, நடந்ததைக் கேட்டு அலறினாள். "அம்மா, இதைக் குடிச்ச எங்க எலிங்களும் இப்படித்தான்! முதல்ல தள்ளாடும், அப்புறம் தெளிஞ்ச மாதிரி நிக்கும். அதுதான் ஏமாத்து. உள்ள ஈரல் அதை விஷமா மாத்தி, கிட்னியைத் தீர்த்துடும்!" நாய் டாக்டருக்குப் போன் போட்டாள். விஷமுறிவு ஊசி அவரிடம் தீர்ந்துவிட்டதாம். "சாராயம் இருந்தா கையோட கொண்டு வாங்க" என்றாராம்.

நம் வம்சத்தில் அது படியேறியதே இல்லை. ஆனால் மகள் சொன்னாள்: சாராயத்தைக் கண்டால் ஈரல் மற்ற வேலையைப் போட்டுவிட்டு அதன் பின்னால் போய்விடும், கூலன்ட் கெடுதல் செய்யாமல் சிறுநீரில் வெளியேறும், எலிகளைப் பிழைக்க வைப்பதும் இப்படித்தானாம். ஈரலுக்கும் ஆம்பளை புத்திதான் போலிருக்கிறது. உன் அத்தான் விளக்குகூடப் போடாமல் பழைய டயருக்குப் பின்னால் கைவிட்டு ஒரு பாட்டிலை எடுத்தார். "உன் தம்பி போன தடவை மறந்துட்டுப் போனான்" என்றார். என்ன ஞாபகசக்தி அவருக்கு! உன்மேல் கோபம்தான், ஆனாலும் உன் பாவம் ஓர் உயிருக்கு உதவியதால் மன்னித்துவிட்டேன். சாமி படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் பாட்டிலோடு கிளம்பினேன்.

டாக்டர் அளந்து, தண்ணீர் கலந்து, குழாய் வழியாகக் கொடுத்து, அங்கேயே வைத்துப் பார்த்தார். "கிட்னி பத்திரம். தெளிஞ்சிடுச்சுன்னு விட்டிருந்தா போயிருக்கும். உங்க பொண்ணு கெட்டிக்காரிம்மா" என்றார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். பக்கத்தில் பூனையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவுக்குச் சரியாகக் கேட்கவில்லை.

ஆகவே அந்த 'ஆயா'வை வாபஸ் வாங்கு. பாட்டிலை வீட்டுக் கணக்கில் உன் நன்கொடையாக வரவு வைத்திருக்கிறேன். ஆண்டவன் உனக்கு நல்ல புத்தியும் நல்ல ஈரலும் தரட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: இன்று ஷெட்டைப் பெருக்கினேன். அதே டயருக்குப் பின்னால் இன்னொரு பாட்டில், பாதி காலி. அன்றைக்கு அங்கே வேறொன்றும் இல்லை. நானே விளக்கடித்துப் பார்த்தேன். "அதுவும் உன் தம்பிதான்" என்கிறார் அத்தான். நீ எப்போது வந்துபோனாய்? சீக்கிரம் பதில் போடு.