பட்டாள பூட்ஸும் ஒரு குப்பி விளக்கெண்ணெயும்

புதுச் செருப்பு கடித்தால் விளக்கெண்ணெய் தடவ வேண்டும் என்பதை விழுப்புரம் பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்பதைத்தான் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அதைக் கற்றுக்கொள்ள நான் இமயமலைவரை போக வேண்டியிருந்தது.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. நான் விழுப்புரத்தில் குமாஸ்தா. திண்டிவனத்தில் மல்லிகா என்ற பெண்ணைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். மிகவும் பிடித்துவிட்டது. (பஜ்ஜியும் பிடித்தது. ஆனால் முதலில் பெண்தான்.) அவர்கள் வீட்டிலிருந்து மட்டும் பதில் வரவில்லை. பெண்ணின் அண்ணன் தனபால், எங்கள் துறையின் திண்டிவனம் அலுவலகத்தில் இருந்தவர், "பையனோட நாலு நாள் பழகிப் பாத்துட்டுதான் சொல்லுவேன்" என்று தடுத்து வைத்திருந்தார்.

அந்தக் குளிர்காலத்தில் எங்கள் ஊழியர் மன்றம் மணாலிக்குப் பயணம் ஏற்பாடு செய்தது. பனிமலையில் ஒரு நாள் நடையும் உண்டு. தனபால் போகிறார் என்று தெரிந்ததும் நானும் பெயர் கொடுத்தேன். ரயிலில் அவருக்கு வறுத்த மல்லாட்டை (எங்கள் பக்கத்தில் நிலக்கடலைக்கு அதுதான் பெயர்) உரித்துக் கொடுத்தபடியே, "மலையெல்லாம் நமக்குப் பழக்கம்ண்ணே. செஞ்சிக் கோட்டைய உச்சி வெயில்ல ஏறினவன்" என்றேன். (ஏறியது உண்மை. பாதியில் தலைசுற்றி உட்கார்ந்ததை விட்டுவிட்டேன்.)

"அப்படிங்களா தம்பி" என்றார். அவ்வளவுதான். அந்தத் 'தம்பி' எப்போது 'மாப்ள'யாக மாறும் என்பதுதான் என் ஒரே கவலை.

இருவரும் சென்னையில் வாங்கிய பழைய பட்டாள பூட்ஸ் வைத்திருந்தோம். தோல் பலகைபோல் விறைத்திருந்தது. மணாலியில் கடைத்தெருவைச் சுற்றிவிட்டு வந்த அன்று சாயங்காலம் தனபால் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"குதிகாலு பூரா கொப்புளம் தம்பி. பேஜாரா போச்சு. நாளைக்கு எப்படி நடக்கறது?"

தெய்வமே கொடுத்த வாய்ப்பு! அவர் சாப்பிடப் போனதும் பெட்டியைத் திறந்தேன். தேங்காய் எண்ணெய் கல்லாக உறைந்திருந்தது. அம்மா கொடுத்தனுப்பிய விளக்கெண்ணெய் மட்டும் கெட்டிப்பட்டாலும் உறையாமல் விசுவாசமாக ஒழுகியது. எதையும் அரைகுறையாகச் செய்வது என் வழக்கமில்லை. இரண்டு ஜோடிக்கும் மேல்தோல், நாக்கு, தையல் இடுக்கு, எல்லாவற்றுக்கும் எண்ணெய் வைத்தேன். திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கமும் தோல்தானே! பாவம், அது மட்டும் ஏன் காய வேண்டும்? நன்றாக ஊறட்டும் என்று இரண்டு பூச்சு. அவர் ஜோடிக்குக் கொஞ்சம் தாராளமாகவே.

மறுநாள் காலை அவர் பூட்ஸை மாட்டிப் பார்த்துவிட்டு, "அட, வெண்ணெ மாதிரி இருக்குதே!" என்றார். நான் அடக்கமாகச் சிரித்தேன்.

மலையடியில் வழிகாட்டி எச்சரித்தார். நேற்று வெயிலில் இளகிய பனி ராத்திரிக் குளிரில் இறுகிக் கண்ணாடியாகிவிட்டது, முன்னால் போகிறவரின் தடத்திலேயே மிதியுங்கள், பூட்ஸ் முனையால் உதைத்துப் பள்ளம் செய்து ஊன்றுங்கள் என்றார். செஞ்சி வீரன் தலையாட்டினேன். ஒன்றன்மேல் ஒன்றாக ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயும் போட்டு, கட்டிவைத்த நெல்மூட்டைபோல் இருந்தேன்.

தடம் இருந்தவரை தட்டுத் தடுமாறி ஏறினோம். பிறகு ஒரு சரிவு வந்தது.

"பாத்துகினு வாங்க தம்பி" என்று தனபால் திரும்பிய நொடியில் என் கால்கள் என்னிடம் சொல்லாமலே கிளம்பிவிட்டன. கைக்குக் கிடைத்ததைப் பிடித்தேன். அது அவருடைய மப்ளர்.

"யோவ், உடுய்யா! கழுத்து!"

விட்டேன். ஆனால் அதற்குள் அவரும் உட்கார்ந்தபடி புறப்பட்டுவிட்டார். நான் முன்னால், அவர் பின்னால், மாரியாத்தா பெயரைச் சொல்லி அலறிக்கொண்டே போனோம். ஏறுவதற்கு ஒரு காலைப்பொழுது எடுத்த மலையை, ஒரு வாய் வெற்றிலை போடும் நேரத்தில் இறங்கிவிட்டோம். அடியில் வெயில் படாமல் மெத்தென்று கிடந்த பனிக் குவியல் எங்களை இடுப்புவரை விழுங்கிக்கொண்டது. எலும்பு தப்பியது.

தனபால் மூச்சு வாங்கினார். பனியிலிருந்து காலை உருவி, ஒரு பூட்ஸைக் கழற்றி மூக்கருகே கொண்டுபோனார்.

"என்னாது இது, விளக்கெண்ணெ வாசன?"

"கொப்புளம்னீங்களே... நான்தாண்ணே தடவினேன்."

"அடியிலயுமா?"

"அடியிலயும்தான். ரெண்டு தரம்."

கல்யாணம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். அதாவது, நடக்காமலே. அவர் பூட்ஸைக் கீழே வைத்தார். பிறகு அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்றே பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"எந்திரிங்க மாப்ள. ஜல்தியா. குளுருது."

ஊர் திரும்பியதும் மாமனார் விசாரித்தபோது தனபால் சொன்ன பதிலை மல்லிகா பின்னாளில் சொன்னாள்: "புத்தி கொஞ்சம் கம்மிதான்பா. ஆனா கேக்காமலே அடுத்தவன் செருப்ப எடுத்து எண்ணெ வெக்கறான். தங்கச்சிய நல்லா பாத்துக்குவான்."

கல்யாணத்துக்கு முன்னால் எனக்கு நலங்கு வைத்தார்கள். எண்ணெயில் அறுகம்புல்லைத் தோய்த்துப் பெண்கள் என் பாதத்தைத் தொடப்போன சமயம், கூட்டத்திலிருந்து தனபாலின் குரல் கேட்டது: "மேலாக்க வெய்யுங்கம்மா. உள்ளங்காலுக்கு வேணாம். அப்புறம் மாப்ள திண்டிவனத்துல நிக்கமாட்டாரு, நேரா மரக்காணம் கடல்லதான் போய் நிப்பாரு."

இன்றும் எங்கள் வீட்டில் யார் புதுச் செருப்பு வாங்கினாலும் முதலில் என்னிடம்தான் காட்டுவார்கள். விளக்கெண்ணெய்க் குப்பி இருக்கும் இடம் மட்டும் எனக்கு இதுவரை சொல்லப்படவில்லை.