இரத்தப் பரிசோதனையில் பாஸாகிறவர்கள்

இரத்தப் பரிசோதனையைப் பரீட்சை என்று நினைத்துக்கொள்ளும் ஓர் இனம் நம்மிடையே நடமாடுகிறது. உடம்பில் நோய் இருக்கிறதா என்பது இவர்களுக்குப் பெரிய விஷயமில்லை. ரிப்போட்டில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். வருடம் முழுக்கக் கேக்கும் தொதலும் தின்று, சோதனைக்கு மூன்று நாள் இருக்கும்போது திடீரென்று ஞானம் பிறந்து, பாகற்காயைப் பிழிந்து குடித்து, பசியோடு போய்க் கை நீட்டி, நல்ல எண் வந்ததும் அந்தத் தாளைக் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் காட்டி, அன்று மாலையே மறுபடியும் கேக் வெட்டுவார்கள். யாரை ஏமாற்றினார்கள்? கேட்டுவிடாதீர்கள், கோபம் வரும்.

தெரணியகலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் உழைத்து ஓய்வு பெற்ற யேசுதாசன் இந்த இனத்தில் முதல் தரம். கொழும்பிலிருந்து கம்பனித் துரைமார் பார்வையிட வருகிறார்கள் என்றால், மூன்று நாளைக்கு முன்பே பாதையோரக் கல்லுக்கெல்லாம் வெள்ளையடித்து, தரையைக் கழுவி, அவர்கள் போனதும் எல்லாவற்றையும் பழையபடி விட்டுவிடுவது அவர் பழகிய வேலை முறை. உடம்பையும் அப்படியே பராமரித்தார். கிளினிக் டொக்டரும் ரிப்போட்டை நம்பி நீரிழிவு மாத்திரையைக் கூட்டாமல் விட்டார். கால் பெருவிரலில் வந்த புண்ணுக்கு மட்டும் ரிப்போட் வாசிக்கத் தெரியவில்லை. இரண்டு மாதமாக ஆறவேயில்லை. விரலை எடுக்க வேண்டி வந்துவிடுமோ என்று பயந்த மகள் டிலானி, ஜனவரியில் ஒருநாள் எஹலியகொடையில் புதிதாகத் திறந்த பரிசோதனை நிலையத்துக்கு அவரைக் கூட்டிப்போனாள்.

யேசுதாசன் தயாராகவே போனார். சீனி வருத்தத்துக்கு நல்லதென்று சிங்கள அயலவர் கொடுத்த தெபு இலையில் மூன்று நாள் சம்பல். சீனி போடாத தேயிலைச் சாயத்தண்ணி. அங்கே ஏசி குளுகுளுவென்றிருந்தது. நாற்காலி, சாய்ந்தால் தானும் சாய்ந்தது. இரத்தம் எடுக்கும் ஆதிலா அவர் கையின் மேல் ஒரு சின்ன விளக்கைப் பிடித்ததும், நரம்பெல்லாம் மலைச்சரிவின் குறுக்குப் பாதைகள் மாதிரி பளிச்சென்று தெரிந்தன.

"நோவாது அங்கிள். சின்னப் புள்ளைகளுக்குக் குத்துற மெல்லிசு ஊசி."

இத்தனை சொகுசு கிடைத்தால் மனிதன் உண்மை பேசிவிடுகிறான்.

"எப்படியும் நல்லாத்தான் வரும் புள்ள. மூணு நாளா வாயக் கட்டியிருக்கேன்ல!"

ஆதிலா சிரித்தாள். "அது சரி அங்கிள். ஆனா இந்த டெஸ்ட் போன மூணு மாசமும் சீனி எப்பிடி இருந்திச்சுன்னு காட்டிரும்."

யேசுதாசன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மூணு மாசமா? நடுவுல கிறிஸ்மஸ் வந்திச்சே!" என்றவர், சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்தார். "அப்ப ஏப்ரல்ல வாறேன். நல்லாத் தயார் பண்ணிக்கிட்டு வாறேன்."

டிலானிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "ஏப்ரல் வரைக்கும் ஒங்க வெரலு இருக்குமாப்பா? டொக்டரு என்ன கம்பனித் தொரையா, வெள்ளையடிச்சுக் காட்ட? உள்ளத உள்ளபடி காட்டுங்க. அப்பத்தானே மருந்து தருவாரு!"

காத்திருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அதைக் கவனிக்கவேயில்லை. யேசுதாசன் துணி சுற்றிய விரலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, சட்டைக் கையை மறுபடியும் சுருட்டினார். ஊசி நோகவேயில்லை, ஆனாலும் பாவம், கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

மாலையில் டிலானியின் போனுக்கு முடிவு வந்தது. ஏழுக்குள் இருக்க வேண்டியது பதினொன்று. வாழ்நாளில் முதல் தடவையாக மனிதர் பெயில். அடுத்த நாள் டொக்டர் அதைப் பார்த்து நன்றாகத் திட்டினார், திட்டிக்கொண்டே இன்சுலின் எழுதினார். சில வாரத்தில் புண் காயத் தொடங்கியது, விரல் தப்பியது. அவரைக் காப்பாற்றிய அந்த ஒரு ரிப்போட்டை மட்டும் அவர் இன்றுவரை யாருக்கும் காட்டவில்லை.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன்: பல் டொக்டரிடம் போன அன்று காலையில் மட்டும் எத்தனை தரம் பல் விளக்கினீர்கள்?