வேக வாகன வரிசை

கணக்கு வாத்தியாரின் குடும்பக் காருக்கும் அவருக்கும் குணத்தில் வித்தியாசம் கிடையாது. இருவரும் மேடு கண்டால் மூச்சு வாங்குவார்கள். "அண்ணே, இது இன்னும் ஓடுதா?" என்று ஒருநாள் அவருடைய சகலை கேட்டுவிட்டார். கேட்டவர் புதிதாக வாங்கிய நிஜமான ஸ்போர்ட்ஸ் காரில் சாய்ந்து நின்று கேட்டதுதான் வாத்தியாரைக் குத்தியது.

மறுநாளே உதிரிபாகக் கடைக்குப் போய், பாயும் சிறுத்தையும் 'டர்போ' என்ற சிவப்பு எழுத்தும் கொண்ட பேட்ஜ் வாங்கி, டிக்கி மேல் ஒட்டினார்.

"இன்ஜினை மாத்தினீங்களா?" என்றாள் மனைவி.

"இன்ஜினை யாரு பாக்கப் போறா? இதைப் பின்னால வர்றவன் எல்லாம் பாப்பான்."

"அதுவும் சரிதான். நம்ம வண்டிக்குப் பின்னாலதானே ஊரே வருது."

வருடாந்திரப் பரிசோதனைக்குப் போனார்கள். வாகன ஆய்வாளர் காரை வலம் வந்து, பேட்ஜ் முன் நின்றார்.

"இது பந்தய வாகனம்."

"இல்ல சார், குடும்ப வண்டி. பின் சீட்ல மாமியார் இருக்காங்க பாருங்க."

"மாமியார் இருப்பது வேகமின்மைக்குச் சான்றாகாது. வண்டியே தன்னை டர்போ என்று எழுத்து மூலம் அறிவித்திருக்கிறது. அதை மறுக்க இலாகாவுக்கு அதிகாரமில்லை. மைதானத்தைச் சுற்றி ஓட்டுங்கள்."

ஓட்டினார். நடந்து வந்த தபால்காரர் காரை முந்திப் போனார்.

"பாத்தீங்களா சார்?" என்றார் வாத்தியார், அவமானமும் நிம்மதியுமாக.

"பார்த்தேன். இவ்வளவு வேகமான வாகனத்தை இவ்வளவு மெதுவாக ஓட்டுவதற்கு அபாரக் கட்டுப்பாடு வேண்டும். பாராட்டுகிறேன்! இத்தகைய வாகனங்களைக் காக்க வைத்தால் இன்ஜின் மனம் உடையும். இனி இவற்றுக்குத் தனி வரிசை."

அங்கேயே பலகை மாட்டினார்கள். மற்றவர்கள் வெயிலில் வேக, வாத்தியார் ராஜா மாதிரி வெளியே வந்தார். செய்தி காட்டுத்தீயாகப் பரவியது. உதிரிபாகக் கடைக்காரர் மாடி கட்டினார்.

அடுத்த வருடம் வேக வாகன வரிசை வாசலைத் தாண்டித் தெருமுனை வரை நின்றது. பள்ளி வேன் டர்போ. தண்ணீர் லாரி டர்போ. குப்பை வண்டியில் இரண்டு சிறுத்தைகள். அதன் பின்னால் சகலையின் அசல் ஸ்போர்ட்ஸ் கார், மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றது.

பக்கத்திலேயே சாதாரண வரிசை. ஒரு ஈ காக்கா இல்லை. அங்கிருந்த ஊழியர், "யாராவது வாங்களேன், உடனே முடிச்சுத் தரேன்!" என்று கெஞ்சினார்.

"அதுல போயிடலாமே, வெயில் மண்டையப் பொளக்குது" என்றாள் மனைவி.

வாத்தியார் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தார். பின்னால் இருந்தவர்களும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், முதலில் எவன் மானத்தை விடுகிறான் என்று.

"பேசாம இரு. இத்தனை பேர் பாக்கறப்ப அங்க போய் எப்படி நிக்கறது?" என்றார். இன்ஜினை அணைத்துவிட்டு, வரிசை ஓரடி நகர்ந்ததும் மாமியாரைக் கொஞ்சம் இறங்கித் தள்ளச் சொன்னார்.