பதினெட்டுப் பேர் குனிந்து நின்ற காலை

உடம்பைப் பற்றி ஊருக்குப் புத்தி சொல்கிறவனின் உடம்பை முதலில் பார்க்க வேண்டும். என் உடம்பை அன்று யாராவது பார்த்திருந்தால், நாமக்கல்லில் அந்த லாரி பாடி கட்டும் பட்டறை நிம்மதியாக இருந்திருக்கும்.

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்தைந்து வயது, நாற்பத்தெட்டுக் கிலோ. பி.காம். படித்த ஒரே காரணத்துக்காக முதலாளி என்னை மேனேஜர் ஆக்கியிருந்தார். ஜப்பானில் வேலைக்கு முன் எல்லோரும் உடற்பயிற்சி செய்வதால் தொழில் செழிக்கிறது என்று ஒரு பத்திரிகைத் தாளில் படித்தேன். (போண்டா மடித்துக் கொடுத்த தாள். கிழிந்துபோன பாதியில் எச்சரிக்கை ஏதாவது இருந்திருக்கலாம்.) நாளை முதல் காலையில் கால் மணி நேரம் கட்டாயப் பயிற்சி என்று அறிவித்துவிட்டேன்.

தேக்குச் சட்டத்தை ஒற்றைத் தோளில் தூக்கும் பதினெட்டுப் பேர் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள்.

“ஏனுங்க மேனேஜர், நாங்க நாள்பூரா குனிஞ்சு நிமிந்துட்டுத்தானுங்க இருக்கறம்?” என்றார் மரவேலை மேஸ்திரி ராசண்ணன்.

“அது வேலைங்ணா. இது ஆரோக்கியம்.”

அந்தச் சமயத்தில் வீட்டில் எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ‘பையன் நோஞ்சான்’ என்று இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. மூன்றாவது எருமப்பட்டிப் பெண். போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இதுவும் கைநழுவிவிடுமோ என்று கவலை. பெண்ணின் அப்பா லாரி வைத்திருப்பவர், சொல்லாமல் கொள்ளாமல் வந்து பையனைப் பார்ப்பார் என்று தரகர் எச்சரித்திருந்தார். வரட்டும், ஒரு படையையே நடத்தும் என் கம்பீரத்தைப் பார்க்கட்டும் என்றிருந்தேன்.

மறுநாள் காலை எல்லோரையும் வரிசையாக நிறுத்தினேன்.

“முட்டி மடங்காம கால் விரலைத் தொடணும். நான் நிமிர்ற வரைக்கும் ஒருத்தரும் நிமிரக் கூடாது.”

குனிந்தேன். இடுப்பில் சுருக்கென்றது. அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது.

பதினெட்டுப் பேரும் சொன்ன சொல் தட்டாமல் குனிந்தே நின்றார்கள். (வேலையில் ஒரு நாளாவது இப்படிக் கேட்டிருப்பார்களா?)

“நிமிரலாமுங்களா?” தலையைத் தூக்காமலே ராசண்ணன் கேட்டார்.

“என்னால முடியலீங்ணா,” என்றேன், அழாக்குறையாக.

ஓடி வந்தார்கள். இடுப்புப் பிடிப்புக்கு எங்கள் பக்கம் ஒரு வைத்தியம் உண்டு. பிறக்கும்போது தலைக்கு முன்னால் கால் வெளியே வந்து பிறந்தவர் மூன்று உதை விட்டால் பிடிப்பு விட்டுவிடும்.

“கால்ல பொறந்தவங்க ஆராச்சும் இருக்கறீங்களா?” என்று கூவினார் ராசண்ணன்.

“நாந்தானுங்க,” என்று வாசலில் ஒரு குரல்.

குனிந்திருந்த எனக்குத் தெரிந்தது வேட்டிக் கரையும் இரண்டு செருப்பும் மட்டுமே. அவர் செருப்பைக் கழற்றினார், வேட்டியை மடித்துக் கட்டினார், நிதானமாக மூன்று விட்டார். மூன்றாவதில் நான் மரத்தூள் குவியலில் முகம் பதித்தேன். ஆனால் பிடிப்பு விட்டிருந்தது.

“ரொம்ப நன்றிங்க. நீங்க ஆருங்க?” என்றேன், தூளைத் துப்பிக்கொண்டே.

“எருமப்பட்டிங்க. மேனேஜர் தம்பிய ஒரு எட்டுப் பாத்துட்டுப் போலாம்னு வந்தனுங்க. இருக்கறாருங்களா?”

பதினெட்டுக் கைகளும் என்னைக் காட்டின. அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்கு அந்தத் தூளுக்குள்ளேயே புதைந்துவிடலாம் போலிருந்தது.

பட்டறையின் ஆரோக்கியத் திட்டம் அத்தோடு முடிந்தது. ஆனால் மாலையில் தரகர் சம்மதத்தோடு வந்து நின்றார். “மூணு உதை வாங்கிட்டு நன்றி சொல்றான். எம் புள்ளைகிட்டப் பொழச்சுக்குவான்,” என்றாராம் என் வருங்கால மாமனார்.

இன்றும் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் போதும், காபியை ஆற்றிக்கொண்டே என் மனைவி தொடங்கிவிடுவாள்.

“லாரிக்காரங்க டயரை உதைச்சுப் பாத்துட்டுத்தானுங்க வாங்குவாங்க. எங்கய்யன் மாப்பிள்ளையவும் அப்படித்தானுங்க எடுத்தாரு.”